எஞ்சினை மாற்றலாம், சேஸிஸை மாற்ற முடியாது

கடலோரத்தில் ஓடும் பழைய லோடு வண்டியை வீட்டிலேயே பராமரிக்கும் முறை

புதுச்சேரியை ஒட்டிய மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் மீன் ஏற்றும் பழைய லோடு வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியவை. எந்த ஆயில் நல்லது, புகை ஏன் கறுப்பாக வருகிறது, இழுவை ஏன் குறைந்துவிட்டது. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது: வண்டிக்கு அடியில் கடைசியாக எப்போது படுத்துப் பார்த்தீர்கள்?

டாட்டா ஏஸ், பொலேரோ பிக்கப், தோஸ்த் என்று எந்த வண்டியாக இருந்தாலும் சேலத்திலோ திருச்சியிலோ ஓடினால் அதன் வயதைக் கிலோமீட்டரில் சொல்லிவிடலாம். கடற்கரையில் அந்தக் கணக்கு செல்லாது. மீட்டர் அதிகம் ஓடியிருக்காது, எஞ்சின் சத்தம் சீராக இருக்கும், பின்பாடியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மட்டும் விரலால் அழுத்தினாலே உதிரும். எஞ்சினுக்கு பிஸ்டன், ரிங், லைனர் எல்லாம் கடையில் கிடைக்கின்றன. வேறு வழியில்லை என்றால் முழு எஞ்சினையே மாற்றி ஆர்.சி.யில் பதிந்துகொள்ளலாம். சேஸிஸ் அப்படியல்ல. பதிவு, இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாமே சேஸிஸ் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. அது போனால் வண்டியே போனதாகத்தான் அர்த்தம்.

எனவே மீன் ஏற்றும் வண்டிக்கு முதல் வைத்தியம் உப்புக்கு, இரண்டாவது பிரேக்குக்கு, எஞ்சின் மூன்றாவது. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

உப்பு செய்யும் வேலை

கடல்நீரில் எடைக்குச் சுமார் 3.5 சதவீதம் உப்பு. மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரில் அந்த உப்போடு ரத்தமும் செதிலும் கொழுப்பும் கலந்திருக்கும். அது காய்ந்தபின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆபத்து அதில்தான் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். பகலில் காய்ந்து, இரவில் நனைந்து, மறுபடி காய்ந்து என்று உங்கள் சேஸிஸ் ஓடாமல் நிற்கும்போதும் அரிபடுகிறது. எப்போதும் நீருக்குள் கிடக்கும் இரும்பைவிட இப்படி நனைந்து காயும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும்.

இதனால்தான் வண்டியைக் கடற்கரையை ஒட்டி நிறுத்துவதும் தெருவுக்குள் இரண்டு வீடு தள்ளி, சுவர் மறைவில் நிறுத்துவதும் ஒன்றல்ல. தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கும். மேலே கூரை, பக்கவாட்டில் காற்றோட்டம் இருந்தால் போதும்.

கழுவுவதில் இருக்கும் சூட்சுமம்

மீன் இறக்கிய அன்றே கழுவவேண்டும். அரியாங்குப்பத்துக்கோ பெரிய மார்க்கெட்டுக்கோ போய்த் திரும்பியதும், எத்தனை களைப்பு இருந்தாலும், பின்பாடியின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் நல்ல தண்ணீரால் அலசுங்கள். ‘நல்ல தண்ணீர்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடலோரத் தெருக்களில் பல போர் தண்ணீர் கரிக்கும். அதில் கழுவினால் பழைய உப்பு போய்ப் புதிய உப்பு ஒட்டிக்கொள்கிறது. நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் மேல் அழுக்கை அதில் போக்கிவிட்டு, கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குடம் கவனமாக ஊற்றினால் போதும்.

எங்கே ஊற்றவேண்டும் என்பதுதான் முக்கியம். நான்கு சக்கர வளைவுகளின் உட்பக்கம், ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, பின்பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உள்ள கட்டைகள், டீசல் டேங்கின் மேற்புறம், பின்கதவின் கீல். கதவுகளின் அடியோரத்தில் சிறிய வடிதுளைகள் இருக்கும். செதிலும் மணலும் அவற்றை அடைத்துவிடும். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். துளை அடைத்த கதவு உள்ளிருந்தே அழுகும். பெயின்ட் குமிழ்விடும்போதுதான் வெளியே தெரியும்.

வாட்டர் வாஷ் கடையில் விடுவதானால் பிரஷர் கன்னை ரேடியேட்டர் தகடுகள், டைனமோ, வயர் கனெக்டர், சக்கர பேரிங் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் வெளியே வராது.

ஐஸ் தண்ணீருக்கு ஒரு வழி

கழுவுவதைவிடச் சிறந்தது நனைய விடாமல் இருப்பது. பெட்டிகளைத் தகட்டின் மேல் நேரடியாக அடுக்கினால் உருகும் நீர் தகட்டின் இணைப்புகள் வழியாக நேராகச் சேஸிஸ் மேல் சொட்டும். பலரும் ரப்பர் ஷீட்டோ, பழைய பேனரோ விரிக்கிறார்கள். அதன் அடியில் நீர் தேங்கி நாள் முழுக்கத் தகட்டை ஊறவைக்கும். விரித்தாலும் இறக்கியவுடன் சுருட்டி எடுத்துவிட வேண்டும்.

இந்த ஊரில் இதற்குக் கைவசம் ஒரு நல்ல தீர்வு இருக்கிறது. ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடத் தெரிந்த கைகள் கரையோரம் நிறையவே உண்டு. அவர்களிடம் பின்பாடியின் அளவுக்கு ஒரு ஃபைபர் தட்டு செய்து தரச் சொல்லுங்கள். பாடித் தகட்டிலேயே நேரடியாக ஃபைபர் ஒட்ட வேண்டாம். படகுக்குப் பயன்படும் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் இரும்பில் நன்றாகப் பிடிக்காது. ஒரு ஓரம் விட்டுப்போனாலும் உப்புநீர் உள்ளே புகுந்து, மேலே அழகாகவும் கீழே ஓட்டையாகவும் ஆகிவிடும். தட்டு தனியாக இருக்கட்டும். நான்கு ஓரமும் சற்று உயர்ந்து, பின்பக்கம் லேசான சரிவோடு, மூலையில் ஒரு வடிகுழாயோடு செய்யுங்கள். குழாயில் ஒரு ஹோஸ் மாட்டி ஒரு கேனில் விட்டுவிட்டால், நீர் ஆக்சில் மேலும் விழாது, ரோட்டிலும் வடியாது. பின்னால் பைக்கில் வருபவர் வழுக்கி விழும் ஆபத்தும் இல்லை. வாரம் ஒருமுறை தட்டைத் தூக்கி அடியைக் கழுவிக் காயவிடுங்கள்.

அலுமினியத் தகடோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடோ அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உப்புநீரில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கத் தூண்டும். ஸ்டெயின்லெஸ் தகட்டைச் சாதாரண இரும்பில் ஸ்குரூ போட்டு முடுக்கினால் அடிபடுவது இரும்புதான். இடையில் ரப்பர் வாஷரும் சீலன்ட்டும் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

படுத்துப் பார்ப்பது

மாதம் ஒருமுறை அடியில் படுத்துப் பாருங்கள். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். நம் தெருக்களில் தரை மணலாக இருப்பதால் ஜாக்கி ஒருபக்கம் புதைந்து சாயும். சிமென்ட் தளம் கிடைத்தால் அங்கே கொண்டுபோங்கள். இல்லையென்றால் தடித்த பலகை போட்டு அதன்மேல் ஜாக்கியும் ஸ்டாண்டும் வையுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். செங்கல், ஹாலோபிளாக் கல் இவற்றின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். வெறுமனே பார்ப்பதற்கு வண்டியைத் தூக்கவே தேவையில்லை. டார்ச், சின்னச் சுத்தியல், ஒரு ஸ்குரூடிரைவர் போதும்.

சேஸிஸ் சட்டத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரிபட்ட இடம் மந்தமாகச் சத்தமிடும், அல்லது செதில் செதிலாகக் கொட்டும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூடிரைவரை அழுத்துங்கள். மேலே ஆரஞ்சுப் பூச்சாகத் தெரியும் துரு பயப்படவேண்டியதல்ல. அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும் துரு கவனிக்கவேண்டியது. ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கினால் அது பட்டறைக்குப் போகவேண்டியது. ஸ்பிரிங் பட்டை சேஸிஸில் மாட்டும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் முடுக்கியிருக்கும் இடம், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள் ஆகிய மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

கேபினுக்குள் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். ஈரமான காலோடு ஏறி இறங்கும் வண்டியில் டிரைவர் கால் வைக்கும் தகடுதான் முதலில் போகும்.

சேஸிஸ் எண் பொறித்த இடத்தையும் தேடிக் கண்டுபிடியுங்கள். அதைக் கம்பி பிரஷ்ஷால் மென்மையாகத் துடைத்து மெல்லியதாக கிரீஸ் பூசி வையுங்கள். அங்கே கிரைண்டர் பிடிக்காதீர்கள், தடிமனாகப் பெயின்ட் அடிக்காதீர்கள். எஃப்.சி. காட்டும்போது அந்த எண் படிக்கத் தெரியவில்லை என்றால் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் சிக்கல்தான்.

துரு எடுக்க ஏற்ற காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வண்டிக்கும் ஓட்டம் குறையும். படகுக்காரர்கள் அந்த நாட்களில் படகைப் பழுது பார்க்கிறார்கள். வண்டிக்காரர்களும் அப்படியே செய்யலாம். வெயில் உச்சத்தில் இருக்கும், இரும்பு நன்றாகக் காயும். பெயின்ட் வேலைக்கு வருடத்தில் இதைவிட நல்ல காலம் கிடையாது.

முறை இதுதான். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். கம்பி பிரஷ்ஷாலோ, கிரைண்டரில் மாட்டும் கம்பிக் கப்பாலோ உதிரும் துருவையெல்லாம் எடுங்கள். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். அறுந்த கம்பி கண்ணுக்குத்தான் வரும். பிறகு மறுபடி ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவையுங்கள். இந்த இரண்டாவது கழுவலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். துருவின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் குமிழ்விடும்.

ஆழக் குழிகளில் ஒட்டியிருக்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். அது துருவைக் கறுப்பாக, நிலையானதாக மாற்றும். கடலோரத்தில் வெறும் ரெட் ஆக்சைடைவிட, இரண்டு பாகம் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர் நெடுநாள் தாங்கும். கூர்மையான ஓரங்கள், வெல்டிங் மூட்டுகள், போல்ட் தலைகள் ஆகியவற்றுக்கு முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடுத்துவிட்டு, அப்புறம் முழுவதும் அடியுங்கள். பெயின்ட் ஓரங்களில்தான் மெலிந்து போகும். துருவும் அங்கேதான் தொடங்கும். காலையில் தொடங்கி, பிற்பகல் கடற்காற்று வீசுவதற்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் இரண்டாவது கோட் அடிக்கும் முன் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இரவு முழுக்கப் படிந்த உப்பு போகும்.

பெட்டி போல் மூடிய சட்டங்களின் உள்ளே பிரஷ் போகாது. அவற்றிலுள்ள துளைகள் வழியாக மெழுகு ஸ்பிரேயைக் குழாய் வைத்து உள்ளே அடிக்கவேண்டும். வடிதுளையை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

செய்யக்கூடாத மூன்று: முதலாவது, துருவின் மேல் தார் போன்ற அண்டர்பாடி கோட்டிங் அடிப்பது. துரு உள்ளேயே வளரும், ஓட்டை விழும்வரை தெரியாது. இரண்டாவது, கழிவு எஞ்சின் ஆயிலைச் சேஸிஸுக்குப் பூசுவது. பழைய வழக்கம்தான். ஆனால் அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், பிரேக் லைனிங்கில் பட்டால் பிடிப்புப் போகும், கையில் தொடர்ந்து பட்டால் தோலுக்குக் கேடு. சொட்டும் ஆயில் மணலில் இறங்கி, நாம் குடிக்கும் நிலத்தடி நீரிலும் அரியாங்குப்பத்து ஆற்றிலும்தான் சேரும். கழிவு ஆயிலைக் கேனில் சேர்த்து, முறையாக வாங்கிப்போகும் பட்டறையில் கொடுங்கள். மூன்றாவது, சேஸிஸில் வீட்டிலேயே வெல்டிங் வைப்பது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிரேக்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். முழு லோடோடு அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகி, பெடல் காலடியில் தொப்பென்று இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். மூடியில் என்ன வகை என்று போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். திறந்து பல மாதம் கிடந்த பாட்டிலிலிருந்து ஊற்றாதீர்கள்.

அதைவிட முக்கியம் இரும்புக் குழாய்கள். சேஸிஸை ஒட்டிப் போகும் மெல்லிய பிரேக் பைப், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் மறைவாக அரிபடும். கிளிப்பைத் தளர்த்திப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் ஒட்டுப்போடவோ, டேப் சுற்றவோ இடமில்லை, பைப்பை மாற்றவேண்டும். ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

ஏர் எடுப்பதை வீட்டில் இரண்டு பேராகச் செய்யலாம். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது இடது பின்சக்கரம். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். மூடியபின்தான் பெடலை விடவேண்டும். மேலே ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருவேறிய நிப்பிளை வலுக்கட்டாயமாகத் திருகினால் முறிந்துவிடும். முந்தின இரவே துரு இளக்கும் ஆயில் விட்டு ஊறவையுங்கள்.

சில வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு இருக்கும். லோடுக்குத் தக்கபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. கடலோர வண்டிகளில் அது துருப்பிடித்து ஒரே நிலையில் நின்றுவிடும். அப்புறம் காலி வண்டியில் பின்சக்கரம் வழுக்கும், அல்லது லோடில் பின் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. மெக்கானிக்கிடம் அதைக் குறிப்பாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளும் அப்படித்தான்: தினமும் போட்டு எடுத்தால் அசையும், போடாமலே விட்டால் இறுகும்.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ ஏராலோ ஊதாதீர்கள். பழைய லைனிங் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

பட்டை, கிராஸ், கிரீஸ்

ஸ்பிரிங் பட்டைகளில் முறிவு பெரும்பாலும் மேலிருந்து தெரியாது. துணியால் துடைத்து ஒவ்வொரு பட்டையையும் ஓரத்தில் பாருங்கள். வண்டி சமதரையில் காலியாக நிற்கும்போது ஒருபக்கம் தாழ்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். முறிந்த பட்டையை வெல்டிங் வைக்கவே கூடாது. பதமிட்ட எஃகு, சூட்டில் பதம் போய்விடும். பட்டை மாற்றினால் யூ போல்ட்டையும் புதிதாகப் போடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்குங்கள்.

ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கிராஸ், ஷேக்கிள், கிங்பின் என்று எங்கெல்லாம் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதோ அங்கெல்லாம் பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும்வரை கன்னால் அடியுங்கள். உப்பு கலந்த பழைய கிரீஸை வெளியேற்றுவதுதான் நோக்கம். வண்டியை எடுக்கும்போதோ, ரிவர்ஸ் போடும்போதோ அடியிலிருந்து ‘டக்’கென்று சத்தம் வந்தால் கிராஸ் தேய்ந்திருக்கலாம்.

கழற்றி மாட்டும் போல்ட்களின் மரையில் சிறிது காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்தமுறை எளிதாகக் கழலும். சக்கர நட்டுகளுக்கு மட்டும் அது வேண்டாம். எண்ணெய் பட்ட மரை தேவைக்கு மேல் இறுகி ஸ்டட் இழுத்துக்கொள்ளும். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்தால் போதும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் வெயிலில் வெடிக்கும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் போனால் சட்டப்படியும் ஓட்டக்கூடாது.

எஞ்சின்

காலையில் வண்டியை எடுக்கும் முன், சமதரையில், ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். அளவு குறைந்தால் ஊற்றலாம். டீ நிறத்தில் நுரையாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிரேடையே வாங்குங்கள். பழைய எஞ்சினுக்குத் ‘திக்’கான ஆயில்தான் நல்லது என்ற பேச்சை நம்பி மாற்றவேண்டாம். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயில் அழுத்த விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் அடுத்த ஊர்வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்துங்கள்.

டீசல் ஃபில்டரின் அடியில் திருகுபோல் ஒரு வடிகால் இருந்தால் வாரம் ஒருமுறை திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நிற்பது தெரியும். கடலோர ஈரத்தில் பாதி காலியான டேங்க் நீரைச் சேர்க்கும். இரவில் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் ஃபில்டர் மாற்றியபின் கைப்பம்ப் அடித்து ஏர் எடுக்கலாம். காமன் ரெயில் எஞ்சினாக இருந்தால் இன்ஜெக்டர் பைப்பைக் கழற்றவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டால் சின்ன ஊசிக்குத்துப் போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவதுதான் கடலோர எஞ்சின்களுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். உப்பு உள்ளே படிந்து குழாய் அடைபடும், ஹெட் கேஸ்கட் போகும். கலந்த கூலன்ட் வாங்குங்கள், அல்லது கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஃபேன் பெல்ட்டை இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கவேண்டும். அதைவிட அதிகம் என்றால் தளர்ந்திருக்கிறது.

கறும்புகைக்கு முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அதைச் சுத்தம் செய்யும்போது உட்புறமிருந்து வெளிப்புறமாக ஊதவேண்டும். மண் அப்பியிருந்தால் ஊதுவதைவிட மாற்றுவதுதான் மலிவு. ஃபில்டர் சரியாக இருந்தும் புகை வந்தால், இன்ஜெக்டரைப் பட்டறையில் காட்டுங்கள்.

பேட்டரியும் எர்த்தும்

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரி வாங்க ஓடாதீர்கள். மலிவான மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் டைனமோ வேலை செய்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் செல்ஃப் முனகினால், பேட்டரியின் நெகட்டிவ்வுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே, செல்ஃப் அடிக்கும்போதே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் வயர். சேஸிஸில் அது முடுக்கியிருக்கும் இடம் துருவேறியிருக்கும். கழற்றி, வெள்ளையாகத் தேய்த்து, முடுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். லைட் மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் மினுக்குவது போன்ற விநோதங்களில் பல இதனாலேயே தீரும்.

பேட்டரி முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கலந்த நீரால் கழுவித் துடையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

மழைக்கு முன்னும் வெள்ளத்துக்குப் பின்னும்

ஐப்பசி பிறக்கும் முன் வைப்பர் ரப்பர், லைட், டயர், பிரேக் நான்கையும் முடித்துவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தெருக்களில் வண்டிகள் மூழ்கி நின்றதை இந்த வட்டாரம் மறந்திருக்காது.

அப்படி நீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. எஞ்சினுக்குள் புகுந்த நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் மெக்கானிக் வரும்வரை காத்திருங்கள். நீர் ஆக்சில் மட்டம் வரை வந்திருந்தால் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கிரௌன் ஆயில் மூன்றையும் பாருங்கள். வெளுத்திருந்தால் வடித்து மாற்றுங்கள். சக்கர பேரிங் கிரீஸையும் மாற்றவேண்டும். இதை விட்டுவிட்டால் இரண்டு மூன்று மாதம் கழித்துச் சத்தத்தோடு வந்து நிற்கும். படகு இழுக்கவோ, வலை ஏற்றவோ வண்டியை அலைக்குள் இறக்குவதும் இதே கேட்டைத்தான் செய்யும், அதுவும் உப்பு சேர்ந்து.

பட்டறைக்கு விடவேண்டியவை

சேஸிஸ் வெல்டிங், ஸ்டியரிங், இன்ஜெக்டர், கிளட்ச், ஹெட் வேலை இவை வீட்டு வேலையல்ல. சேஸிஸில் ஓட்டை விழுந்திருந்தால் மேலே ஒரு தகட்டை ஒட்டி மறைப்பது தீர்வாகாது. அரிபட்ட பகுதியை வெட்டி எடுத்து, நல்ல இரும்புவரை போய், அதே தடிமன் தகடு வைத்து, சேஸிஸ் வேலை தெரிந்தவர் செய்யவேண்டும். “அண்ணே, மேல ஒட்டு வேணாம், வெட்டி எடுத்துட்டுப் போடுங்க, போடுறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுக் காட்டுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி கழற்றியிருக்கவேண்டும், டீசல் டேங்க் பக்கத்தில் இருக்கக்கூடாது. முடிந்ததும் உள்ளும் புறமும் பிரைமர் அடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். வெந்த இரும்பு முதல் மழைக்கே துருப்பிடிக்கும்.

பழைய சாமான் வாங்கச் சென்னை புதுப்பேட்டைவரை போகிறவர்கள் உண்டு. கதவு, கண்ணாடி, சீட், டெயில் லைட் கூடு போன்றவற்றைத் தாராளமாக அங்கே வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகிய மூன்றும் பழையதாக வேண்டாம்.

எஃப்.சி.யும் ஒரு நோட்டும்

லோடு வண்டிக்கு எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன்பின் ஆண்டுதோறும். பொல்யூஷன் சர்டிபிகேட் பி.எஸ். 4, அதற்குப் பிந்திய வண்டிகளுக்கு ஓராண்டு, முந்தியவற்றுக்கு ஆறு மாதம். 15 வயதைத் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் பல மடங்கு கூடும். எஃப்.சி. தேதிக்கு முந்தின வாரம் டிங்கரிங், பெயின்ட் என்று அவசர அலங்காரம் செய்வதைவிட, தடைக்காலத்து வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த நாள் சாதாரண நாளாகப் போகும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போடுங்கள். தேதி, மீட்டர், என்ன மாற்றியது, எவ்வளவு ஆனது. இவ்வளவு எழுதினால் போதும். மறந்து இரண்டுமுறை மாற்றும் செலவு மிச்சம். விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டவும் உதவும்.

எப்போது விடுவது

அந்த நோட்டுதான் இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும். கடந்த 12 மாதச் செலவைக் கூட்டுங்கள். ஆயில், டயர், ஃபில்டர் போன்ற வழக்கமான செலவைக் கழித்துவிடுங்கள். அவை புது வண்டிக்கும் உண்டு. வண்டி நின்றதால் போன நாள் வருமானத்தைச் சேருங்கள். அந்தத் தொகை, வேறு வண்டி எடுத்தால் கட்டவேண்டிய வருடத் தவணைக்கு வெகு கீழே இருக்கும்வரை பழைய வண்டியை வைத்துக்கொள்வதே லாபம்.

இதற்கு ஒரே விதிவிலக்கு சேஸிஸ். ஸ்பிரிங் மாட்டும் இடத்திலோ, ஸ்டியரிங் பாக்ஸ் அருகிலோ இரண்டாவது முறையாக ஓட்டை விழுந்தால் கணக்குப் பார்க்காதீர்கள். எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, வண்டியைப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை முறைப்படி ரத்து செய்யுங்கள். ரத்து செய்யாமல் யாரிடமாவது தள்ளிவிட்டால், நாளை அது எங்கே மோதினாலும் போலீஸ் தேடி வருவது உங்கள் பெயரைத்தான். அடுத்து வாங்கும் வண்டி புதிதோ பழையதோ, முதல் மீன் பெட்டி ஏறும் முன்பே ஃபைபர் தட்டும் எபாக்ஸி பிரைமரும் அதற்குப் போய்விடட்டும்.